ஆமையாரின் அதிவேகம்

பஸ் டிப்போவில் அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. முதலில் வெறும் ஆமைதான். வயது ஏறியதும் மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ ஒட்டிக்கொண்டு ஆமையார் ஆகிவிட்டார். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் அவசரக்காரன் ஏறினால் அன்றைக்கு அவனுக்கு ரத்தக் கொதிப்புதான். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்தாலே கால் பிரேக்குக்குப் போய்விடும். பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடைசிப் பிள்ளை பையைத் தோளில் சரி செய்து, கழன்ற செருப்பைத் திரும்ப மாட்டி, எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை பஸ் ஒரு அங்குலம் நகராது. பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் கை வலிக்கிறவரை அடித்துக்கொள்ளலாம்.

“அவசரமா போறவங்க இறங்கி நடங்கப்பா, முன்னாடி போய்ச் சேர்ந்துடுவீங்க” என்று கண்டக்டர் படியில் நின்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும். ஆமையாரும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். வேகம் மட்டும் கூடாது.

வேகமாகப் போகிறவனைப் பற்றித்தான் ஊர் பேசும். மெதுவாகப் போய் யாரையும் இடிக்காமல் வீட்டுக்கு வந்தவனைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் டிப்போ பேசியது. ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். வட்டமான, பெரிய கடிகாரம். முள்ளுக்குக் கீழே பொன்னிற எழுத்தில் ‘ஒரு குற்றமும் இல்லாத ஓட்டுநருக்கு’ என்று எழுதியிருந்தது. கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத மனிதர். டிப்போ குடியிருப்பில் அவருடைய ஒற்றை அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், அந்தக் கடிகாரம். யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கடிகாரத்தைக் காட்டிவிடுவார்.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கை மடங்கிக்கொண்டது. கால் இழுத்துக்கொண்டது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக, மூட்டை இறக்குவது போல வரும். தம்பி போய் அழைத்துக்கொண்டு வந்து, வீட்டின் முன் அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தான். கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்து முதல் வேலையாகக் கடிகாரத்தை மாட்டினான். அண்ணனின் லைசன்ஸ் அலமாரியில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. அதில் இன்னும் பழைய முகவரி, பழைய போட்டோ, நல்ல உடம்பு. ஓட்டாத மனிதரின் லைசன்ஸில் முகவரி மாற்றி என்ன ஆகப்போகிறது என்று யாரும் அதைத் தொடவில்லை.

தம்பியை வீட்டில் எல்லாரும் சின்னவன் என்பார்கள், நாற்பதைத் தாண்டிய பிறகும். அண்ணனுக்கு நேர் எதிர். பிறக்கும்போதே ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு பிறந்தவன் என்று அண்ணனே சொல்வார். சொந்தமாக ஒரு வேன் வைத்து, ஒரு கம்பெனிக்குப் பார்சல் கொடுக்கிற வேலை. கம்பெனி கொடுத்த போன் வண்டிக்குள் கத்திக்கொண்டே இருக்கும்: அடுத்த வீடு, அடுத்த வீடு, தாமதம், தாமதம். தாமதம் சேர்ந்தால் வேலை போய்விடும். வேகம் சேர்ந்தால் லைசன்ஸ் போய்விடும். சாலையோரக் கேமராவில் ஒரு முறை மாட்டினால் அபராதத்தோடு லைசன்ஸில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் நிறைந்தால் லைசன்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். சின்னவனுக்கு அது ஏறக்குறைய நிறைந்திருந்தது.

அப்போதுதான் இன்னொரு நோட்டீஸ் வந்தது. இந்த வண்டியை அன்றைக்கு ஓட்டியது யார் என்று வண்டிச் சொந்தக்காரனைக் கேட்கிற நோட்டீஸ். சின்னவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். வேன் போனால் வாடகை, பிள்ளையின் படிப்பு, அண்ணனின் மாத்திரை எல்லாம் அதோடு போகும்.

“என் பேர எழுது” என்றார் ஆமையார்.

“என்னண்ணே சொல்ற?”

“என் லைசன்ஸ் சும்மாதான தூங்குது. அதுக்கும் ஒரு வேல குடு.”

சின்னவன் சிரித்தான். அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் வேண்டாம் வேண்டாம் என்றான். பிறகு எழுதினான். அபராதத்தை அவன் கட்டினான், புள்ளி அண்ணன் பெயரில் விழுந்தது. வேலை பிழைத்தது. அந்த வாரமே சுவரில் கடிகாரத்தைக் காணோம். சின்னவனின் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது.

“கடிகாரம் எங்க மாமா?”

“ஓடலம்மா. எடுத்து அலமாரில வெச்சிட்டேன்.”

ஊன்றுகோலும் ஒற்றைக் கையுமாக இவர் எப்படி எட்டி எடுத்தார், விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் சத்தம் போட்டாள். சத்தம் போட்டதில் கடிகாரத்தின் பேச்சு அமுங்கிப் போனது. ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று சின்னவன் நினைத்துக்கொண்டான். நினைத்ததோடு சரி.

ஒரு தடவை செய்த தப்பு இரண்டாவது தடவை தப்பாகத் தெரிவதில்லை. அடுத்த நோட்டீஸ் வந்தபோது சின்னவன் கேட்கக்கூட இல்லை, அண்ணனுடைய லைசன்ஸ் எண் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. நோட்டீஸைப் பார்த்ததும் ஆமையார் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

“நான் எங்கடா ஓட்டினேன்?”

“பாலத்துல இறங்குறப்ப.”

“அந்த வளைவுலயா? எனக்கு அறிவிருக்கா?”

“உனக்கு வயசாக ஆக வேகம் கூடிப்போச்சுண்ணே.”

“வண்டிய பிடுங்கி வைங்கடா என்கிட்டேருந்து” என்பார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். சின்னவன் மனைவி அடுப்படியிலிருந்து, “ராத்திரிக்கு மாமாவுக்கு சாப்பாடு கிடையாது, போலீஸ்ல சொல்லிடுவேன்” என்று குரல் கொடுப்பாள். கால் விழுந்த மனிதர் ஊரிலேயே பெரிய வேகக்காரர் ஆகிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த இன்னொரு பிரச்சினை டி.வி. ரிமோட்டின் பேட்டரி. வாங்கிப் போட்டால் காணாமல் போய்விடும். அதற்கும் சின்னவன்தான் திட்டு வாங்கினான்.

ஒன்றை மட்டும் அவன் அண்ணனிடம் உள்ளபடி சொல்லவில்லை. ஒரு நோட்டீஸில் இருந்த இடம் பள்ளிக்கூட வாசல். பிள்ளைகள் விடுகிற நேரம். “எங்கடா ஓட்டினேன்?” என்று அண்ணன் கேட்டதும் சின்னவன் காகிதத்தை மடித்துக்கொண்டே, “பைபாஸ்ல” என்றான். பைபாஸ் என்றால் பரவாயில்லை, ஆள் நடமாட்டம் இருக்காது என்று ஆமையார் சமாதானமாகிவிட்டார்.

இதற்கிடையில் நோட்டீஸ் அனுப்புகிற போக்குவரத்து அலுவலகம் ஆமையாருக்கும் கடிதம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் லைசன்ஸில் இருந்த டிப்போ குடியிருப்பு முகவரிக்குப் போயின. அந்தக் குடியிருப்பை இடித்து, கற்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போன கடிதமெல்லாம் திரும்பி வர, கடைசியில் வண்டிச் சொந்தக்காரனான சின்னவனுக்கே எழுதினார்கள்: நீங்கள் குறிப்பிட்ட ஓட்டுநர் அந்த முகவரியில் இல்லை, அவர் நேரில் வந்து தன் விவரங்களைத் திருத்தி, குற்றங்களை ஒப்புக்கொள்ள வேண்டும், வராவிட்டால் எல்லாமே உங்கள் பெயரில் சேர்க்கப்படும்.

சின்னவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அண்ணனை நேரில் கூட்டிக்கொண்டு போனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். போகாவிட்டால் வேனை விற்க வேண்டியதுதான்.

“நான் வரேன்” என்றார் ஆமையார். “அங்க நடந்து காட்டுறேன்.”

அன்றிலிருந்து முன் அறையில் ஒத்திகை. சின்னவன் மனைவி நாற்காலியில் அதிகாரி மாதிரி உட்காருவாள். ஆமையார் கதவிலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் அவள்வரை நடக்க வேண்டும். வலது காலை இழுப்பது தெரியாமல் இருக்க, செருப்புக் கடித்தது போல நடந்து பார்த்தார். சுவரைப் பிடித்தார், விழுந்தார், எழுந்தார். மடங்கிய கையைச் சட்டைப் பைக்குள் சொருகிப் பார்த்தார்கள். பிறகு அந்த ஒரு வாக்கியம்: நான்தான் ஓட்டினேன். அது வாயில் உருண்டு உருண்டு, ஒரு நாள் திடீரென்று ஒரே மூச்சில் வந்துவிட்டது. சின்னவனும் மனைவியும் கைதட்டினார்கள். பொய் சொல்லக் கற்றுக்கொண்ட அண்ணனுக்குக் கைதட்டினோமே என்று சின்னவனுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அலுவலகத்தில் நீளமான கூடம், பச்சை நாற்காலிகள், மேலே கடகடவென்று சுற்றுகிற மின்விசிறி. ஆமையார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தார். அவருடைய எண் வந்ததும் எழுந்தார், தம்பியின் கையைத் தட்டிவிட்டார், நடந்தார். நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தபடி, எப்படியோ கவுன்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. லைசன்ஸை வாங்கிப் போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். புது முகவரியைத் தட்டச்சு செய்தாள். பிறகு திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

“முன்னாடியெல்லாம் ஒண்ணுமே இல்லையே சார். சர்வீஸ் பூராவும் சுத்தமா இருக்கு. ஒரு புள்ளிகூட கிடையாது” என்றாள். “இப்ப ரெண்டு வருஷமா ஏன் இப்படி?”

அவள் படித்துக்காட்டத் தொடங்கினாள். அது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. பாலத்து இறக்கம். மார்க்கெட் ரோடு. மறுபடியும் பாலம். ஆமையார் தெரிந்த பாடத்தைக் கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

“இது பள்ளிக்கூட வாசல். ஸ்கூல் விடுற நேரம்.”

தலை நின்றுவிட்டது. சின்னவன் தரையைப் பார்த்தான். அண்ணன் தன் பக்கம் திரும்புவது தெரிந்தது, நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. கவுன்டர் விளிம்பில் ஆமையாரின் இடது கை மட்டும் ஒருமுறை திறந்து மூடியது.

“இதெல்லாம் நீங்கதானா சார்?”

முன் அறையில் ஒரே மூச்சில் வந்த வாக்கியம் இப்போது வரவில்லை. உதடு கோணியது. அந்தப் பெண் காத்திருந்தாள். சின்னவன் மனதுக்குள் சொல்லு சொல்லு என்றும் சொல்லாதே சொல்லாதே என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டிருந்தான்.

“நான்தான்” என்றார் ஆமையார். ஓட்டினேன் என்கிற வார்த்தை வரவேயில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னாள். அதை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. பைக்குள் இருந்த வலது கை வெளியே வரவில்லை. இடது கையால் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோடு கோடாக எதையோ இழுத்தார். அந்தப் பெண் கையெழுத்தைப் பார்க்கவில்லை, பையில் சொருகியிருந்த கையைப் பார்த்தாள். பிறகு கவுன்டருக்கு மேலாக எட்டி, தரையில் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்த வலது பாதத்தைப் பார்த்தாள்.

“உடம்புக்கு முடியாம போனா அதையும் இதுல எழுதணும் சார்” என்றாள் மெதுவாக. “கை எப்பலேருந்து இப்படி?”

“நேத்துலேருந்தும்மா.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். சின்னவன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க.”

இதுதான் அவனுக்குக் கிடைத்த இடம். இந்த மனிதர் இரண்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை, ஓட்டியதெல்லாம் நான், பள்ளிக்கூட வாசலில் பறந்ததும் நான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வாய் நிறைய அது வந்து நின்றது. வேன், வாடகை, படிப்பு, மாத்திரை என்று எல்லாமும் கூடவே வந்து நின்றன. எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு அவன் சொன்னான்:

“அவர் சொன்னதுதாங்க.”

அவளுக்கு என்ன தோன்றியதோ, பின்னால் வரிசை வேறு நீண்டுகொண்டிருந்தது. கை விழுந்த நாள் என்று நேற்றைய தேதியைப் போட்டாள். புள்ளிகள் நிறைந்துவிட்டதால் லைசன்ஸ் ரத்து என்றாள். கத்தரியை எடுத்து அட்டையின் மூலையைச் சீவினாள். சிறிய சத்தம்தான், ஆமையார் கண்ணை மூடித் திறந்தார்.

“அந்தப் பழைய வருஷமெல்லாம்...” என்று தொடங்கினார். வார்த்தைக்காக நின்றார். “அதுவும் அழிஞ்சிடுமாம்மா?”

“தனியா எதுவும் கிடையாது சார். எல்லாம் ஒரே ரெக்கார்டுதான். இனிமே திறந்தா இதுதான் முதல்ல வரும்.”

“சரிம்மா” என்றார் ஆமையார்.

திரும்பும்போது அவர் நடந்து காட்டவில்லை. தம்பியின் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு வந்தார். வேனில் ஏற்றி பெல்ட் மாட்டிவிட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவன் அன்றைக்கு ஓட்டிய மாதிரி வாழ்நாளில் ஓட்டியதில்லை. கம்பெனி போனை அணைத்துவிட்டு, எல்லாரையும் முன்னால் போகவிட்டு ஊர்ந்தான். வேறு வழியில் போயிருக்கலாம். கை அந்தத் தெருவுக்கே திருப்பியது. பள்ளிக்கூட வாசல் வந்தது. பிள்ளைகள் இல்லை, கேட் பூட்டியிருந்தது.

“இதுவாடா?”

“ஆமாண்ணே.”

“பைபாஸ்னு சொன்ன.”

சின்னவன் வண்டியை ஓரம் கட்டினான்.

“யாரும் குறுக்க வரலியே?”

“வரலண்ணே. சத்தியமா வரல.”

“அது போதும்” என்றார் ஆமையார். கொஞ்ச நேரம் அந்தப் பூட்டிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் நின்னிருப்பேன்டா இங்க” என்றார்.

திட்டியிருந்தால், ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். சின்னவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். “நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன்ணே. எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“சொல்லி? ரெண்டு பேரும் பொய் சொன்னதுக்கு உள்ள போகணும். உன் பொண்டாட்டி பிள்ளைக்கு யாரு?” இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. “வண்டிய எடு. மெதுவாப் போ.”

வீட்டுக்கு வந்து அண்ணனைப் படுக்க வைத்துவிட்டு, மூலை சீவிய அட்டையை அலமாரியில் வைக்கப் போனான். அட்டையை யார் கண்ணிலும் படாமல் அடியில் வைக்கலாம் என்று மடித்து வைத்த துண்டுகளுக்குக் கீழே கையை விட்டான். விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது. குனிந்தான். உள்ளே ஏதோ டிக் டிக் என்று கேட்டது.

துண்டுகளை விலக்கி எடுத்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான், நேரம் சரியாக இருந்தது. பின்பக்கம் டி.வி. ரிமோட்டின் பேட்டரி. ‘ஒரு குற்றமும் இல்லாத ஓட்டுநருக்கு’ என்ற எழுத்து துண்டில் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. முதல் நோட்டீஸில் பெயர் எழுதிய அந்த வாரத்திலிருந்து இது ஒரு நாளும் நிற்கவேயில்லை என்று அவனுக்குப் புரிந்தது. வேடிக்கை பேசிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் புரிந்தது. அண்ணனிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை, சும்மா தூங்குகிற ஒரு லைசன்ஸ்தானே என்று நினைத்திருந்தான்.

கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, சுவரில் வெளுத்துப்போயிருந்த வட்டத்தில், அதே ஆணியில் மாட்டப் போனான்.

“வேண்டாம்டா” என்றார் ஆமையார் கட்டிலிலிருந்து.

“ஏண்ணே?”

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “அது வேற ஆளுக்குக் குடுத்தது.”

சின்னவன் அதைத் திரும்பவும் துண்டுகளுக்கு அடியில் வைத்தான். பேட்டரியை இப்போது அவன்தான் மாற்றுகிறான். முன் அறைக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம் அந்த வட்டத்தை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.